பிடியரிசிச் சபையும் கியூஆர் அட்டைச் சபையும்

எங்கள் சபை ஏழையாக இருந்த காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். வசதியாக இருக்கும் இந்தக் காலத்தையும் பார்க்கிறேன். இரண்டும் இதே திருவேற்காட்டில்தான். கையில் ஒன்றுமில்லாத நாளில் நாங்கள் கொடுத்ததில் பெரும்பங்கு எங்கள் காம்பவுண்டைத் தாண்டி, நாங்கள் முகம் பார்த்திராத மனிதர்களிடம் போனது. கை நிறைந்த பிறகு கொடுப்பதில் பெரும்பங்கு குளிர்சாதனமாகவும் ஒலிபெருக்கியாகவும் எங்களுக்கே திரும்பி வருகிறது. இது என்னை வருத்துகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்ல வேண்டும். அம்பத்தூரில் 1949இல் டிஐ சைக்கிள் ஆலை வந்தது. அறுபதுகளில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, பாடியில் லூகாஸ் டிவிஎஸ், அம்பத்தூரில் தொழிற்பேட்டை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்து மிஷன் பள்ளிகளில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன்கள் ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறினார்கள். அப்பாவும் அப்படி வந்தவர்தான். அம்பத்தூரில் வாடகைக்கு இருந்து, பிறகு திருவேற்காட்டில் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கிரவுண்டு வாங்கினார். அப்போது இங்கே வயல் இருந்தது. கூவத்தில் மணல் தெரிந்தது. ஆடி மாதம் கருமாரியம்மன் கோவிலுக்கு வரும் கூட்டம் போய்விட்டால் ஊர் அடங்கிவிடும்.

சபை என்பது ஓர் ஓலைக் கொட்டகை. பனையோலைப் பாயில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறு நற்கருணை கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான். சென்னையில் போதகர், பாஸ்டர் என்றெல்லாம் சொன்னாலும் எங்கள் வீட்டில் கடைசிவரை அவர் ஐயர்தான். சர்ச்சுக்குப் பெயர் கோயில்தான்.

அம்மாவின் அடுப்படியில் ஒரு டால்டா டப்பா இருந்தது. உலை கொதித்ததும் ஆழாக்கில் அரிசி அளந்து, களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்த டப்பாவில் போடுவாள். காலையில் ஒரு பிடி, இராத்திரி ஒரு பிடி. போடும்போது உதடு அசையும். என்ன ஜெபித்தாள் என்று சொன்னதில்லை. ரேஷன் அரிசி பொங்கும் நாளில் ரேஷன் அரிசி. வீட்டுக்கு விருந்தாளி வந்து பொன்னி வாங்கிய நாளில் பொன்னி. தனக்கு ஒன்று, டப்பாவுக்கு ஒன்று என்று பிரித்ததில்லை. மாதக் கடைசியில் அரிசி குறைந்து கஞ்சியாகக் காய்ச்சும்போதும் அந்தப் பிடி மட்டும் நின்றதில்லை. சனிக்கிழமை இரவு டப்பாவைக் கவிழ்த்து, புடைத்து, கல் பொறுக்கி, ஒரு துணிப்பையில் கட்டி வைப்பாள். மறுநாள் பெண்கள் வரிசையாகப் போய், பீடத்தின் பக்கத்தில் வாய் திறந்திருக்கும் கோணியில் கொட்டுவார்கள். பல வீட்டு அரிசி ஒரே சாக்கில் விழும்: புழுங்கல், பச்சை, சிவப்பு நெல், ரேஷன் எல்லாம். இன்னார் கொடுத்தது எவ்வளவு என்று அதைப் பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது.

அப்பா ஒருநாள் கேட்டார்: "சம்பளத்துல பத்துல ஒண்ணு எடுத்து வச்சாச்சு. இதுக்கு மேல அரிசியும் எதுக்கு?"

அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "அது நீங்க சம்பாதிச்சது, நீங்க குடுக்கீய. எங் கையில என்ன இருக்கு? உலையில போடுற அரிசிதான் இருக்கு. அதுல நான் குடுக்கேன்."

அப்பா அதற்குப் பிறகு கேட்கவில்லை. பிடியரிசியை யார் தொடங்கினாரோ, அவர் பெண்களை நன்றாக அறிந்தவராக இருந்திருக்க வேண்டும். சொந்தமாக ஒரு பைசா வருமானமில்லாத பெண்களையும் அது கொடுப்பவர்களாக்கியது. புருஷனிடம் கேட்டு வாங்கிப் போடும் காணிக்கைக்கும், தன் வயிற்றுப் பங்கிலிருந்து எடுத்துப் போடும் காணிக்கைக்கும் உள்ள வேறுபாடு எங்கள் அம்மாமாருக்குத் தெரிந்திருந்தது.

அந்த அரிசி எங்கே போனது? ஆராதனை முடிந்ததும் கடைவிலைக்குக் குறைவாகப் படியால் அளந்து விற்பார்கள். சுற்றுவட்டாரத்தில் கூலி வேலைக்குப் போகும் வீடுகள் வாங்கிப் போகும்; எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று அளப்பவர் கேட்டதில்லை. கைம்பெண் வீடு ஒன்று இரண்டுக்குச் சும்மாவே போகும். விற்ற பணத்தில் ஒரு பகுதி உபதேசியார் சம்பளத்துக்கு. மற்றது மிஷனரிகளுக்கு.

மிஷனரி என்றதும் வெள்ளைக்காரத் தொப்பி நினைவுக்கு வரலாம். நாங்கள் கண்ட மிஷனரிகள் கறுப்பு. எங்களைப் போலவே நெல்லைத் தமிழ் பேசுபவர்கள். நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு என்று ஓர் இயக்கம், ஐம்பதுகளின் கடைசியில் தமிழகத்து இளைஞர்கள் சிறு சிறு ஜெபக் குழுக்களாகக் கூடியதில் பிறந்தது. அதன் அலுவலகம் எங்களுக்குப் பக்கத்தில், அம்பத்தூரில்தான். வெளிநாட்டுப் பணக்காரர் யாரும் அதைத் தூக்கி நிறுத்தவில்லை. ஆலைத் தொழிலாளியும் ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் நர்சும் மாதாமாதம் ஐந்தும் பத்துமாக எடுத்து வைத்துத்தான் குஜராத்தின் டாங்ஸ் காட்டுக்கும், அன்று பீகாராக இருந்த ராஜ்மகால் மலைகளுக்கும் ஆள் அனுப்பினார்கள். ராஜ்மகாலில் மால்தோ என்ற பழங்குடி மக்கள் மலேரியாவிலும் கறுப்புக் காய்ச்சலிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போன தமிழ்க் குடும்பங்களிலும் மலேரியா உயிர் குடித்தது. விடுமுறைக்கு வரும் மிஷனரி எங்கள் கொட்டகையில் ஒரு வரைபடத்தைத் தொங்கவிட்டு, குச்சியால் தொட்டுக் காட்டி, அங்கே குழந்தைகள் எதற்காகச் சாகின்றன என்று சொல்வார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அடுத்த வாரம் டப்பா கொஞ்சம் சீக்கிரமே நிறையும்.

இப்படிக் கொடுப்பது எங்கள் தலைமுறையின் கண்டுபிடிப்பு அல்ல. 1830இலேயே பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். கிறிஸ்தவரானதால் ஊரில் நிற்க இடமில்லாமல் போன குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் வேலை. இன்று நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் பூர்வீக வீடு இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லும் பலரின் முப்பாட்டன் யாரோ ஒருவரின் காணிக்கையில் வாங்கிய மண்ணில் முதல் குடிசை போட்டவர். 1903 பிப்ரவரி 12 அன்று அதே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் எழுந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா அதன் செயலாளர். ஆளும் பணமும் நிர்வாகமும் நம்முடையதாகவே இருக்கட்டும் என்பது அவர்கள் பிடிவாதம். தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அசரியா பின்னர் தாமே அங்கே போய்க் குடியேறி, 1912 டிசம்பர் 29 அன்று ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

அசரியாவைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அதில் எழுந்து நின்று அவர் பேசியதன் சாரம் இது: நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், ஆனால் நாங்கள் கேட்பது நட்பை. கொடுக்கிறவன் மேலே, வாங்குகிறவன் கீழே என்று இருந்த சபைக்கு அது சுருக்கென்று தைத்தது. இரண்டாவது, அவர் கிறிஸ்தவன் கொடுப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் எழுதியது பணக்காரர்களை மனத்தில் வைத்து அல்ல. தோர்ணக்கல்லில் அவருடைய மக்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த நிலமில்லாக் கூலிகள். இவர்களிடம் போய்க் காணிக்கை கேட்பதா என்று பலர் தயங்கியபோது, கேட்காமல் இருப்பதுதான் அவர்களை அவமதிப்பது என்று அசரியா நினைத்தார். அவர்கள் அரிசியும் கோழியும் கூலியில் ஒரு பங்கும் கொடுத்தார்கள். தோர்ணக்கல் பேராலயம் கால் நூற்றாண்டு வளர்ந்து 1939இல் பிரதிஷ்டையானது. இன்னொருவரின் தர்மத்தில் வாழ்கிறவர்கள் என்று ஊர் சொன்ன மக்கள், தாங்களே கொடுத்து எழுப்பிய கோயில் அது.

எங்கள் கொட்டகையிலும் அந்தப் பெருமிதம் இருந்தது. அறுப்பின் பண்டிகையைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக் கொல்லையில் காய்த்த முதல் வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, சேவல், முட்டை, பூசணி, வயல் வைத்திருந்த ஓரிரு குடும்பங்களின் நெற்கதிர் எல்லாம் பீடத்தைச் சுற்றிக் குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். கணீரென்று குரல் உள்ள ஒருவர் பூசணியைத் தூக்கிப் பிடித்து, "ரெண்டு ரூவா ஒருதரம்!" என்று தொடங்குவார். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, பூசணியைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். ஒரு பூசணி அப்படி நாலைந்து கை மாறும். கடைசியில் அது இன்னார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு வீடு. அந்த அம்மாள் நாலணா கேட்டதும் வேறு யாரும் மேலே கேட்க மாட்டார்கள். "மூணுதரம்!" என்று மணி அடித்துவிடும். அவளும் விலை கொடுத்து வாங்கியவளாகத் தலை நிமிர்ந்து தூக்கிப் போவாள். எடின்பரோவில் அசரியா கேட்டது எங்கள் ஏலக்காரருக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு பணம் வந்தது. எண்பதுகளில் பிள்ளைகள் டிப்ளமோ படித்தார்கள், தொண்ணூறுகளில் பொறியியல். 2000க்குப் பிறகு பெங்களூரு, துபாய், டெக்சஸ். அப்பா வாங்கியதைப் போன்ற ஒரு கிரவுண்டு இன்று கோடியைத் தொடுகிறது. வேலப்பன்சாவடிப் பக்கம் மருத்துவக் கல்லூரிகளும் உயர்ந்த குடியிருப்புகளும் நிற்கின்றன. இந்த வளர்ச்சியில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பட்டினி கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். அதற்காக நான் தினமும் நன்றி சொல்கிறேன். வறுமையே புண்ணியம் என்று பேசுகிறவர்கள் வறுமையில் இருந்து பார்க்காதவர்கள்.

ஆனால் ஜான் வெஸ்லி என்ற கிழவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் சபையைப் பார்த்து எழுதியதுபோல ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர் அவர். விசுவாசம் மனிதனை உழைப்பாளியாக்குகிறது, சிக்கனக்காரனாக்குகிறது. உழைப்பும் சிக்கனமும் செல்வத்தைக் கொண்டுவருகின்றன. செல்வம் வந்ததும் விசுவாசம் தேய்கிறது. இதற்கு என்ன செய்வது என்று முதுமையில், 1786இல், அவர் கவலைப்பட்டார். தாமே ஒரு வழியும் சொன்னார்: முடிந்தவரை சம்பாதித்து, முடிந்தவரை மிச்சம் பிடிக்கிறவர்கள், முடிந்தவரை கொடுக்கவும் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் இளைஞராக இருந்தபோது அவருக்கு ஆண்டுக்கு 30 பவுண்டு வருமானம். 28இல் வாழ்ந்து 2ஐக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60 ஆனது. அப்போதும் 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். 90 வந்தபோதும் 28தான், 120 வந்தபோதும் 28தான் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பத்தில் ஒன்று என்ற கணக்கை அவர் எங்கோ தாண்டிப் போய்விட்டார். வருமானம் ஏறும்போது வாழ்க்கைச் செலவை ஏற்றாமல் கொடுப்பதை ஏற்றினார். எங்கள் வீடுகளில் நடந்தது இதற்கு நேர்மாறானது. இரண்டு அறை நான்கானது, சைக்கிள் காரானது, பத்தில் ஒன்று அப்படியே நின்றது. சில வீடுகளில் அதுவும் நூறில் ஒன்றானது.

வசதி வந்த அதே காலத்தில் இன்னொன்றும் வந்தது. தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்தபோது அதன் வழியே ஒரு புதிய பிரசங்கம் வீட்டுக்குள் நுழைந்தது. செழிப்பின் உபதேசம் என்று அதற்குப் பெயர். கடவுளுக்குக் கொடுப்பது விதைப்பது. விதைத்தால் முப்பது, அறுபது, நூறு மடங்கு அறுக்கலாம். வியாதியும் கடனும் விசுவாசக் குறைவு. அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் போன்றவர்கள் பரப்பிய விதை விசுவாசம் தமிழில் 'விதைக் காணிக்கை' ஆனது. பெயர் சொல்லி யாரையும் இங்கே குற்றம் சாட்ட நான் வரவில்லை. அந்த உபதேசம் ஒரு வீட்டில் என்ன செய்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளையை வளர்த்த ஒரு கைம்பெண் இருந்தாள். ஒருநாள் அவள் காது மூளியாக இருந்தது. கேட்டேன். "கம்மல சேட்டு கடையில வச்சிட்டேன் டீச்சர். கூட்டத்துல வெதக் காணிக்க குடுத்தேன். பையனுக்கு மூணு மாசத்துல வேல கெடைக்கும், நூறு மடங்கா திரும்பும்னு சொன்னாங்க" என்றாள். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது அவள் கல்யாணத்துக்குப் போட்ட கம்மல். அவளிடம் இருந்த ஒரே தங்கம். மூன்று மாதம் போனது. வேலை வரவில்லை, வட்டி ஏறியது. அவள் தன் விசுவாசத்தில்தான் ஓட்டை இருக்கிறது என்று முடிவுகட்டி உபவாசம் இருக்கத் தொடங்கினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டது போதாதென்று, பலிக்காததன் பழியையும் அவள் தலையிலேயே சுமத்திவிட்டார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து கம்மலை மீட்டுக் கொடுத்தோம். அவள் வாங்கத் தயங்கினாள். கடவுளுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் குற்றமாகுமோ என்று பயந்தாள்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் தவறாமல் ஏழை விதவையின் இரண்டு காசு பேசப்படும். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்து, அந்த விதவைக்குச் சற்று மேலே கண்ணை ஓட்டுங்கள். நீண்ட அங்கி அணிந்து, முதல் இருக்கையை விரும்பி, பார்வைக்கு நீண்ட ஜெபம் செய்து, விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். அதை முடித்த கையோடு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, தன் ஜீவனம் முழுவதையும் போட்டுவிட்டுப் போகும் விதவையைச் சீஷர்களுக்குக் காட்டுகிறார். அந்த இடத்தை நான் படிக்கும்போதெல்லாம் அவர் குரலில் மெச்சுதலோடு வேதனையும் கேட்கிறது. மல்கியாவும் அப்படித்தான். தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மூன்றாம் அதிகாரத்து வசனம் எல்லாப் பிரசங்கியாருக்கும் மனப்பாடம். அதற்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரன் கூலியையும் விதவையையும் திக்கற்றவனையும் பரதேசியையும் ஒடுக்குகிறவர்களுக்கு எதிராகக் கடவுளே சாட்சியாக வருவார் என்று இருக்கிறது. அதை மேடையில் வாசிக்க நான் கேட்டது மிக அரிது. உபாகமம் பதினான்கு இன்னும் தெளிவு: மூன்றாம் ஆண்டுத் தசமபாகம் ஊருக்குள்ளேயே வைக்கப்பட வேண்டும், லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். பாத்திரம் தேய்க்கும் அந்தப் பெண் தசமபாகம் வாங்க வேண்டியவள். அவளிடம் கம்மலைக் கழற்றச் சொல்ல எந்த வேதம் இடம் கொடுத்தது?

இப்போது கொட்டகை இருந்த இடத்தில் பெரிய கட்டடம் நிற்கிறது. குளிர்சாதனம், சுவர் அகலத்துக்குத் திரை, நேரலைக்குக் கேமரா. ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் ஒரு கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. மின்விசிறிகளில் அன்பளித்தவர் பெயர். வாசல் கல்வெட்டில் கொடுத்தவர்களின் பட்டியல், கொடுத்த தொகையின் வரிசையில். 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, காணிக்கைப் பையில் ஆயிரம் ரூபாய் நோட்டுகள் வழக்கத்தைவிட அதிகமாக விழுந்தன. எண்ணுகிற இடத்தில் நான் இருந்தேன். கடைக்காரர் வாங்காததைக் கடவுளுக்குக் கொடுத்திருந்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அறுப்பின் பண்டிகை இன்றும் உண்டு. கொல்லைகள் கட்டடமாகிவிட்டதால் கோயம்பேட்டிலிருந்து காலிஃபிளவரும் ஆப்பிளும் கூடையாக வருகின்றன. ஏலத் தொகை ஆயிரத்தில் தொடங்குகிறது. போன் வழியாகவே கட்டிவிடுகிறார்கள். ஏலம் எடுக்க முடியாதவர்கள் அந்த நேரத்தில் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். யார் போகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

கியூஆர் அட்டையைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கத்துத் தெருக்கள் மூழ்கியபோது, எங்கள் பிள்ளைகள் ஒரு போனை வைத்துக்கொண்டு சில மணி நேரத்தில் பணம் திரட்டி, மாலைக்குள் பாலும் ரொட்டியும் படகில் ஏற்றினார்கள். 2015 வெள்ளத்தில் கூவம் கரை மீறியபோது சபை மண்டபத்தைத் திறந்து அடுப்பு மூட்டினோம். ஊரே வந்து சாப்பிட்டது. அன்று பரிமாறிய பையன்களில் சிலர் ஆராதனைக்கு ஒழுங்காக வராதவர்கள். அவர்களுக்குக் கொடுக்கத் தெரிகிறது. எங்கே கொடுக்க வேண்டும் என்று காட்டுகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். வெள்ளம் வடிந்ததும் நாங்கள் திரும்பவும் கட்டட நிதியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம்.

இந்த ஊரில் வாழ்ந்துகொண்டு மூர்க்க நாயனாரை நினைக்காமல் இருக்க முடியாது. பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் அறுபத்துமூவரில் ஒருவர். பிறந்த ஊர் திருவேற்காடு. அடியார்களுக்குச் சோறிட்டே சொத்து முழுவதையும் தீர்த்தார். விற்க ஒன்றுமில்லாமல் போனதும் தமக்குத் தெரிந்த சூதாட்டத்தில் இறங்கினார். குடந்தைவரை போய் ஆடினார். தோற்றவன் ஏமாற்றினால் சுரிகையை உருவும் முரடர். அதனால்தான் அந்தப் பெயர். வென்ற பொருளைத் தம் கையால் தீண்டாமல் சமைப்பவர்களிடம் சேர்ப்பிப்பார். எல்லாரும் உண்டபின் கடைசிப் பந்தியில் உட்காருவார். சூதில் சம்பாதித்துத் தர்மம் செய்வதை என் விசுவாசம் ஏற்காது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கையில் வந்த பணத்தைத் தனக்கென்று தொடாததும், கடைசிப் பந்தியில் உட்கார்ந்ததும் என்னைத் தலை குனிய வைக்கின்றன. எங்கள் பூர்வீக ஊரில் அசனம் என்ற பொது விருந்துகளிலும் இந்த வழக்கம் இருந்தது. நெல்லைப் பக்கம் அசனப் பண்டிகையில் சோறு போட்ட வீட்டுக்காரர்கள் கடைசியில்தான் சாப்பிட உட்காருவார்கள். இன்றைய சபை விருந்துகளில் மேடைக்குப் பக்கத்தில் முக்கியஸ்தர்களுக்குத் தனி மேசை போடுகிறார்கள்.

பிடியரிசி பழங்கதை, இனி நடக்காது என்பவர்களுக்கு மிசோரமைக் காட்டுவேன். அங்கே பிரெஸ்பிட்டீரியன் சபை வீடுகளில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு சமையலின்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கிறார்கள். சபை அதைச் சேர்த்து விற்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் திரட்டுகிறது. மாடி வீடும் காரும் வந்த பிறகும் அந்தப் பெண்கள் நிறுத்தவில்லை. அந்தப் பணத்தில் மிஷனரிகள் போகிறார்கள். நம் பெண்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. குக்கர் வந்தது, அரிசி மூட்டையாக வீட்டுக்கு வந்தது, கோணியை ஒரு நாள் பீடத்தின் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு அங்கே ஸ்பீக்கர் வைத்தார்கள். கேட்டவர் இல்லை.

சபைகளின் ஆண்டுக் கூட்டம் வரும். வரவு செலவுக் கணக்கை அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். கட்டடம், மின்கட்டணம், ஒலி அமைப்பு, சம்பளம், விழாச் செலவு என்று வரிசையாக இருக்கும். அதை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிடாதீர்கள். எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த ஆண்டு நாம் போட்ட நூறு ரூபாயில் இந்தக் காம்பவுண்டுக்கு வெளியே போனது எத்தனை ரூபாய்? விதவைக்கு எவ்வளவு, கூலிக்காரன் பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு, மலையில் காய்ச்சலோடு கிடப்பவனுக்கு எவ்வளவு? பதில் வரும்வரை உட்காராதீர்கள். வருகிற பதில் வெட்கப்பட வைத்தால், அடுத்த ஆண்டு அது இரட்டிப்பாக வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் எங்கள் சபையில் கேட்கப் போகிறேன். நீங்கள் உங்கள் சபையில் கேளுங்கள்.